தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

எங்கள் தோட்டத்து குரூப்பில் யாராவது புதிதாகச் சேர்ந்தால், அவரைத் தனியாக போனில் கூப்பிட்டு நாலு விஷயம் சொல்வது என் வழக்கம். அட்மின்களில் நானும் ஒருத்தி. ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி, இதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நாங்கள் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டம். ஆனால் பசறையோ இராகலையோ மஸ்கெலியாவோ அப்புத்தளையோ, எந்தத் தோட்டத்து குரூப்பாக இருந்தாலும் பேச்சும் சண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

குரூப் தொடங்கியது 2020 மார்ச்சில், ஊரடங்கு போட்ட வாரம். மரக்கறி லொறி தோட்டத்தின் எந்த டிவிஷனுக்கு, அதாவது எந்தப் பிரிவுக்கு, எத்தனை மணிக்கு வருகிறது என்று சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது. ஊரடங்கு முடிந்த பிறகும் யாரும் கலைக்கவில்லை. இப்போது அதில் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கிறவர்கள், கொழும்பில் கடைகளில் நிற்கிற பிள்ளைகள், குவைத்திலும் கட்டாரிலும் வேலை செய்கிற பெண்கள், வேறு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள் எல்லாரும் இருக்கிறார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் கூடுகிற மாதிரி இரவில் இங்கே கூடுகிறோம். பெரட்டுக் களத்தில் யார் எங்கே நிற்கிறார் என்பது பார்த்தாலே தெரியும். இங்கே தெரியாது. நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை இதனால் வந்தவைதான்: பேசுகிறவர் எங்கிருந்து பேசுகிறார் என்பது கேட்கிறவருக்குத் தெரியவில்லை. கீழே சொல்லப்போவதெல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்.

முதல் நாள்: யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லுங்கள்

சேர்ந்ததும் வெறும் வணக்கம் மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். எங்களுக்குத் தெரிவது உங்கள் நம்பர் மட்டும். படத்தில் முருகன் இருப்பார், இல்லாவிட்டால் ஒரு நடிகர் இருப்பார். பெயர் போட்டிருந்தாலும் ஒரே பெயரில் ஐந்து பேர் இருக்கிற தோட்டம் இது. அதனால் பெயரைச் சொல்லி, கூடவே இப்படிச் சொல்லுங்கள்: "கீழ் டிவிஷன், எட்டாம் நம்பர் லயம், பழைய கொழுந்துக் கங்காணியோட பேத்தி. இப்ப வத்தளையில இருக்கேன்." இவ்வளவு போதும். பத்து நிமிஷத்தில் "அட, நம்ம அக்கா மகளா" என்று இரண்டு பேராவது வருவார்கள்.

இந்த அறிமுகத்தில் மிக முக்கியமானது கடைசி வாக்கியம். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வெளியே இருப்பது குற்றமில்லை. ஆனால் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பீலியில் தண்ணீர் வரவில்லை என்று பேச்சு நடக்கும்போது, நீங்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவரா, குடித்து வளர்ந்தவரா என்பது தெரிந்தால் உங்கள் வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்வது என்று மற்றவர்களுக்குப் புரியும்.

பட்டப்பெயர் விஷயத்தில் கவனம். தோட்டத்தில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் உண்டு, நேரில் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். குரூப்பில் எழுதாதீர்கள். நேரில் கூப்பிடும்போது சிரித்துக்கொண்டு கூப்பிடுகிறோம், எழுத்தில் அந்தச் சிரிப்பு வராது. அவருடைய மருமகளும் மருமகளின் அண்ணனும் அதே குரூப்பில் இருக்கிறார்கள். அண்ணே, அக்கா, மாமா, அத்தை, பெரியப்பா, என்ன முறையோ அதைப் போடுங்கள். முறை தெரியாவிட்டால் பெயரோடு "அவர்கள்" வேண்டாம், அது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. "அண்ணே" போதும்.

அப்புறம் இரண்டு வாரம் எதுவும் போடாமல் பாருங்கள். யார் எதற்குக் கோபப்படுகிறார், யார் எத்தனை மணிக்கு வருகிறார் என்று பிடிபடும். கொழுந்துக்குப் போகிறவர்கள் காலை ஏழு மணிக்குப் பிறகு அந்தி வரைக்கும் போனைத் தொட மாட்டார்கள். பத்து மணிக்குக் கேள்வி கேட்டுவிட்டு, பன்னிரண்டு மணிக்கு "யாருக்கும் அக்கறை இல்லையா" என்று எழுதுகிற தம்பிகள் இருக்கிறார்கள். மலையில் நிற்கிறவர் எப்படி அக்கறை காட்டுவார்?

ஒரு போன், பத்துக் காது

வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்கு போன் என்பது உங்களுடையது. லயத்தில் அப்படி இல்லை. எங்கள் பக்கத்துக் காம்பராவில் (லயத்து வீட்டில்) ஒரே ஒரு நல்ல போன், மகன் வாங்கி அனுப்பியது. மாலை ஆறரைக்குப் பேத்தி அதை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வைத்து, அன்றைக்கு வந்த வொய்ஸ் மெசேஜை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமாகப் போடுவாள். அப்பாயிக்குக் காது மந்தம், அதனால் முழுச் சத்தம். லயத்துக் காம்பராக்களுக்கு நடுவில் இருக்கிற சுவர் பல இடங்களில் கூரை வரைக்கும் போகாது. தகரத்துக்குக் கீழே இருக்கிற இடைவெளி வழியாகப் பேச்சு அடுத்த காம்பராவுக்கு இறங்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. உங்கள் ஒரு வொய்ஸை அப்பாயி கேட்கிறார், பேத்தி கேட்கிறாள், ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிற நான் கேட்கிறேன், எனக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறவரும் கேட்கிறார். அவர் உங்கள் வொய்ஸில் வருகிற ஆளாகவே இருக்கலாம்.

ஒருநாள் அப்படித்தான் ஆனது. கொழும்பிலிருந்து ஒரு தம்பி, வாங்கின கடனைத் திருப்பித் தராத ஒருவரைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லவில்லை. ஆனால் "வாசல்ல நீல பீப்பா வச்சிருக்கிறவர்" என்று சொல்லிவிட்டார். அந்த லயத்தில் நீல பீப்பா ஒரு வாசலில்தான் இருந்தது. அந்த மனிதர் தன் காம்பராவுக்குள் உட்கார்ந்து, மூன்று காம்பரா தள்ளி ஒலித்த வார்த்தையைக் கேட்டார். அடுத்த நாள் காலையில் பீப்பாவை வீட்டுக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் அது மனதை விட்டுப் போகவில்லை.

வொய்ஸ் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுத்து வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அதுதான் வழி, அவர்கள் குரூப்பில் பேசுவதும் அதனால்தான். போடுங்கள், ஒரு நிமிஷத்துக்குள் போடுங்கள், முதல் வாக்கியத்திலேயே எதைப் பற்றி என்று சொல்லிவிடுங்கள். போடுவதற்கு முன் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்: இது இஸ்தோப்பில் ஒலிக்கப்போகிறது.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதையும் குறைத்துக்கொண்டால் நல்லது. பள்ளிக்கூடப் பிள்ளைதான் வீட்டில் வாசித்துச் சொல்கிறது. அதற்கு அந்த எழுத்து குழப்பம், அரைகுறையாகப் புரிந்து வேறொன்றாகச் சொல்லும்.

சாவுச் செய்தி

இந்த ஒன்றில் மட்டும் நான் கடுமையாக இருப்பேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டார் சொல்லாமல் யாரும் சாவுச் செய்தி போடக்கூடாது. ஒருமுறை எங்கள் தோட்டத்து மாமா ஒருவரை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆம்புலன்ஸ் வந்ததைப் பார்த்த யாரோ, ஆள் முடிந்துவிட்டார் என்று எழுதிவிட்டார். ஐந்து நிமிஷத்தில் அறுபது பேர் கும்பிடு போட்டுவிட்டார்கள். அவர் மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அந்த வீட்டில் இரவு வேலை முடிந்த பிறகுதான் போனைக் கையில் எடுக்கலாம். எடுத்தவள் பார்த்தது அந்த அறுபது கும்பிடை. அம்மாவுக்கு அடித்திருக்கிறாள், ஆஸ்பத்திரியில் சிக்னல் இல்லை. விடியும் வரைக்கும் அந்தப் பிள்ளை குளியலறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள், சத்தம் வெளியே கேட்காமல். மாமா மூன்றாம் நாள் நடந்து வீட்டுக்கு வந்தார்.

அதிலிருந்து எங்கள் முறை இது. வீட்டாரில் ஒருவர், அல்லது அவர்கள் சொல்லி ஒரு அட்மின், ஒரே ஒரு மெசேஜ் போடுவார். பெயர், வயது, எந்த லயம், எடுப்பது எப்போது, எங்கே. வெளிநாட்டில் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கு போனில் சொல்லியாகிவிட்டது என்று உறுதி செய்த பிறகுதான் போடுவோம். போட்டதும் மேலே பின் பண்ணிவிடுவோம். நீங்கள் செய்ய வேண்டியது, அந்த மெசேஜிலேயே விரலை அழுத்தி ஒரு கும்பிடு வைப்பது. தனித்தனியாக எண்பது அஞ்சலி வரிசையாக வந்தால், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று தேடுகிறவர் மேலே ஏறி ஏறித் தேட வேண்டியிருக்கும். அன்றைக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் வேண்டாம், அரசியலும் வேண்டாம். எடுத்து முடியட்டும்.

சம்பளப் பேச்சு வந்தால்

இது மாதத்துக்கு ஒருமுறையாவது வரும். சம்பளத்துக்கு அடுத்த நாள் கட்டாயம் வரும். புதியவர்கள் சிக்கிக்கொள்வதும் இங்கேதான்.

2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. 2024 மே தினத்தில் 1700 என்று அறிவித்தார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின. அந்த வருஷம் செப்டெம்பரில் 1350 ஆனது. வெளியே இருக்கிறவர்கள் செய்தியில் பார்த்தது 1700. அந்த மே மாதம் குரூப்பில் வாழ்த்து மழை. கட்டாரில் இருந்து ஒரு தம்பி, "இனி அம்மாவுக்கு நான் அனுப்புற காசு தேவைப்படாது போல" என்று சந்தோஷமாகத்தான் எழுதினார். அம்மா லயத்தில் அதைக் கேட்டார். அவர் சம்பளச் சீட்டில் பழைய சம்பளம்தான் இருந்தது. "எம் மகன் கணக்குப் பாக்குறான்" என்று அவர் சொன்னபோது குரல் உடைந்திருந்தது. அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. அறிவிப்பைச் சம்பளம் என்று நினைத்துவிட்டார்.

நாட்சம்பளத்தை முப்பதால் பெருக்கி யாருக்கும் பாடம் நடத்தாதீர்கள். தோட்டத்துக் கணக்கு வேறு. ஒரு நாளைக்குச் சொன்ன கிலோ கொழுந்து வந்தால்தான் முழுப் பேர், அதாவது ஒரு முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர் போடுகிற தோட்டங்கள் உண்டு. கிலோ கணக்கு தோட்டத்துக்குத் தோட்டம், மலைக்கு மலை மாறும். வெயில் காலத்தில் கொழுந்தே இருக்காது. மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள் என்பது ஒன்று, பிடித்த பிடிப்பு இன்னொன்று. அதனால் கேட்பதாக இருந்தால் இப்படிக் கேளுங்கள்: "அக்கா, இந்த மாசம் எத்தனை பேர் விழுந்துச்சு? பிடிச்சது போக எவ்வளவு வந்துச்சு?" இந்த ஒரு கேள்விக்கு வருகிற பதிலில் பத்துக் கட்டுரைக்கு விஷயம் இருக்கும். கேட்டவரை எங்கள் அக்காமார் மறக்கவும் மாட்டார்கள்.

"இன்னும் ஏன் கொழுந்து பறிக்கிறீங்க, தோட்டத்தை விட்டு வாங்க" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அக்கறையில்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த வார்த்தை, வாசிக்கிற பெண்ணின் முப்பது வருஷத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. எழுதியவர் படித்தது அவள் கூடையில் வந்த காசில். அப்படி ஒருவர் எழுதிய இரவு, என் அம்மா வயதுள்ள ஒருவர் நிதானமாக ஒரு வொய்ஸ் போட்டார்: "வர்றோம் தம்பி. வந்தா எங்க தங்குறது, அதையும் சொல்லுங்க." அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

சம்பளச் சீட்டைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள், பெயரையும் அடையாள அட்டை நம்பரையும் விரலால் மறைத்து எடுங்கள்.

கருத்து ஒத்துப்போகாதபோது

ஒத்துப்போகாமல் இருப்பது நடக்கத்தான் செய்யும். நடக்கவும் வேண்டும். எல்லாரும் தலையாட்டுகிற குரூப்பில் தண்ணீர்ப் பிரச்சினை கூடத் தீராது. எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், எந்த மெசேஜுக்குப் பதில் சொல்கிறீர்களோ அதைப் பக்கவாட்டில் இழுத்து, அதற்குக் கீழேயே எழுதுங்கள். பொதுவாக எழுதினால், அப்போதுதான் சிக்னல் கிடைத்து உள்ளே வந்த ஒருவர் அது தனக்குச் சொன்னது என்று நினைத்துக்கொள்வார். எங்கள் மேல் டிவிஷனில் கோயில் வளைவுக்கு வந்தால்தான் சிக்னல். இரண்டு மணி நேரத்துப் பேச்சு அவர்களுக்கு ஒரே மூச்சில் வந்து கொட்டும், முன்னே பின்னே புரியாது.

அடுத்து, மறுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். "அண்ணே, நீங்க சொல்றது மேல் டிவிஷன் ரோட்டையா, ஸ்டோர் ரோட்டையா?" பாதிச் சண்டை இந்த இடத்திலேயே முடிந்துவிடும், இரண்டு பேரும் வேறு வேறு ரோட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

பிறகு உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லுங்கள். அவர் சொன்னதற்கு மட்டும் பதில், அவர் அப்பா யார் சங்கத்தில் இருந்தார் என்பது வேண்டாம். எவ்வளவு கோபம் வந்தாலும் "நீங்க" என்பது "நீ" ஆகக் கூடாது. எங்கள் ஊரில் அந்த இரண்டு எழுத்து குறைந்த இடத்தில்தான் கைகலப்பு தொடங்கியிருக்கிறது.

தவறாக எழுதிவிட்டால் பதினைந்து நிமிஷத்துக்குள் திருத்தலாம். சுமார் இரண்டு நாள் வரைக்கும் எல்லாருக்கும் அழிக்கலாம். ஆனால் பத்துப் பேர் பார்த்த பிறகு அழித்துவிட்டு "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று நிற்காதீர்கள். அழித்த இடம் அழித்த இடமாகத் தெரியும், யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்தும் இருப்பார்கள். "அவசரத்துல எழுதிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று ஒரு வரி போடுவதில் யாரும் தாழ்ந்துபோனதை நான் பார்த்ததில்லை.

நீங்கள் இரண்டு முறை, அவர் இரண்டு முறை பேசியாகிவிட்டதா? மூன்றாவது முறை எழுதாதீர்கள். போன் எடுத்துப் பேசுங்கள். பக்கத்து லயம் என்றால் நடந்து போங்கள். ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்தில் தீர்கிற விஷயம், எழுத்தில் ஒரு வாரம் ஓடும்.

கடைசியாக, பலரும் விட்டுவிடுகிற ஒரு படி. போனில் பேசித் தீர்த்த பிறகு திரும்ப குரூப்புக்கு வந்து சொல்லுங்கள். "அண்ணனோட பேசிட்டேன், விஷயம் சரியாகிருச்சு." சண்டையை இருநூறு பேர் பார்த்தார்கள், சமாதானத்தை இரண்டு பேர்தான் பார்த்தீர்கள். மற்றவர்களுக்கு நீங்கள் இன்னும் பகையாளிகள்தான். இரண்டு குடும்பம் அப்படிச் சொல்லாமல் விட்டதால், அவர்கள் சமாதானமாகி நாலு மாதம் கழித்தும் சொந்தக்காரர்கள் பக்கம் பிரிந்து நின்று, ஒரு சடங்குக்கு யாரைக் கூப்பிடுவது என்று முழித்ததை நான் நேரில் பார்த்தேன்.

திரும்பத் திரும்ப வருகிற பேச்சுகள்

எந்தச் சங்கம் நல்லது, யாருக்கு வோட்டு என்பதற்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. தேர்தல் வாரத்தில் அட்மின் மட்டும் எழுதுகிற மாதிரி மாற்றிவிடுவோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவிழாக் கணக்கு வேறு. காசு விஷயத்தில் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் "எவ்வளவு அடிச்சாங்க" என்று கேட்காமல், "வரி எத்தனை வீட்டுல வந்துச்சு, கணக்குக் கொப்பியோட படத்தைப் போட முடியுமா" என்று கேளுங்கள். கணக்கு ஒழுங்காக வைத்தவருக்கு அதில் கோபம் வராது.

இன்னொன்று, நம்மை நாம் எப்படிச் சொல்லிக்கொள்வது என்பது. இந்தியத் தமிழரா, இந்திய வம்சாவளியா, மலையகத் தமிழரா? 2023இல் நம் மூதாதையர் வந்த வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனபோதும், 2024 குடிசன மதிப்பீட்டின்போதும் எங்கள் குரூப்பில் நாள்கணக்கில் இதுதான் ஓடியது. இளைஞர்கள் பெரும்பாலும் மலையகத் தமிழர் என்கிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான். பிறந்ததும் உழைத்ததும் இங்கே. ஆனால் ஒரு பெரியவர் "நாங்க இந்தியாக்காரங்கதான்" என்று சொன்னால், அறியாமை என்று அடித்துவிடாதீர்கள். 1948இல் குடியுரிமை பறிபோன வீட்டில் பிறந்தவர் அவர். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை என்று ஆளை எண்ணிப் பிரித்தார்கள். எங்கள் குரூப்பில் இருக்கிற ஒரு தாத்தாவின் அக்கா, அப்படி ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பலேறினவர். அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. இந்தியா என்று அவர் சொல்லும்போது அக்காவைச் சொல்கிறார். அது தெரிந்த பிறகு அவரோடு வாதாடுகிற விதமே மாறும். வாதாட வேண்டாம் என்றில்லை. கேட்டுவிட்டு வாதாடுங்கள்.

மழை நாளில்

மழைக் காலத்தில் குரூப் உயிர் காக்கும், தவறாகப் பயன்படுத்தினால் உயிரோடு விளையாடும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே ஆபத்து இருக்கிறது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலைநாடு முழுக்க எத்தனையோ இடங்கள் சரிந்தன. கரண்டும் சிக்னலும் போய், திரும்பி வந்தபோது எங்கள் குரூப்பில் முதலில் வந்து விழுந்தவை வேறு எங்கோ, வேறு எப்போதோ எடுத்த வீடியோக்கள். பார்த்த பிள்ளைகள் கொழும்பில் அலறினார்கள்.

அதனால், மண்சரிவு எச்சரிக்கை ஒன்றை அனுப்புவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்ததா? எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு? எந்தத் திகதி, எத்தனை மணி வரைக்கும்? மஞ்சள் என்றால் கவனமாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். சந்தேகம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 அடித்துக் கேளுங்கள். இரட்டை அம்புக் குறியோடு வருகிற மெசேஜ் பல கை மாறி வந்தது, அதை அப்படியே தள்ளிவிடாதீர்கள்.

உங்கள் கண்ணால் பார்த்ததை உடனே போடுங்கள். சுவரில் புது வெடிப்பு, மரமோ கம்பமோ சாய்ந்திருப்பது, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கி வருவது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது. இடத்தைச் சொல்லுங்கள், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். இதில் தவறாகப் போனாலும் யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள்.

ஒரு இனத்தைப் பற்றியோ மதத்தைப் பற்றியோ வருகிற "கேள்விப்பட்டேன்" செய்திகளை நாங்கள் வைத்திருப்பதில்லை, அட்மின் யார் பார்த்தாலும் அழித்துவிடுவோம். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனையில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் அரசாங்கமே சில நாள் நிறுத்த வேண்டி வந்தது. கீழே நாட்டுப்புறத்தில் சிங்கள வீடுகள், டவுனில் முஸ்லிம் கடைகள், அவர்களோடுதான் நாங்கள் தினமும் கொடுக்கல் வாங்கல்.

பெண்களின் நம்பர்

ஆண்களுக்குச் சொல்கிறேன். குரூப்பிலிருந்து ஒரு பெண்ணின் நம்பரை எடுத்து, தனியாக "சாப்பிட்டீங்களா" என்று அனுப்பாதீர்கள். வேலையாகப் பேச வேண்டும் என்றால் குரூப்பிலேயே கேளுங்கள், அல்லது எங்களில் ஒருவரிடம் சொல்லுங்கள். படத்தை எடுத்து வேறு இடத்தில் போடுவது தெரிந்தால் அன்றைக்கே நீக்குவோம், வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரியும்.

பெண்களுக்கு: அப்படி வந்தால் பதில் எழுதாமல், அழிக்காமல், எனக்கோ இன்னொரு பெண் அட்மினுக்கோ அனுப்புங்கள். "நீ ஏன் குரூப்பில் இருந்தாய்" என்று நாங்கள் கேட்க மாட்டோம். இதற்குப் பயந்து மூன்று பெண்கள் ஒரே மாதத்தில் குரூப்பை விட்டுப் போனார்கள். அதில் ஒருவர்தான் ஆடிப் பூஜைக் கணக்கை ஒரு ரூபா பிசகாமல் எழுதிக்கொண்டிருந்தவர்.

கோபத்தில் வெளியே போகத் தோன்றினால்

போவதற்கு முன் எட்டு மணி நேரம் சத்தத்தை நிறுத்திப் பாருங்கள். தூங்கி எழுந்து பெரட்டுக்குப் போய் வந்தால் பாதிக் கோபம் போயிருக்கும். ஒரு வாரத்துக்கும் நிறுத்தலாம். இறப்பு, மழை மாதிரி விஷயம் என்றால் உங்களை போனில் கூப்பிடுவோம்.

அப்படியும் போய்விட்டால், வாட்ஸ்அப் அந்தச் செய்தியை அட்மினுக்கு மட்டும்தான் காட்டும். ஆனாலும் தோட்டத்துக்கே சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும், அதை யாராலும் தடுக்க முடியாது. அதனால் வெட்கப்பட்டுத் திரும்ப வராமல் இருந்துவிடாதீர்கள். எங்களில் யாருக்காவது ஒரு மிஸ்ட் கோல் கொடுங்கள், சேர்த்துவிடுகிறோம். உள்ளே வந்ததும் விளக்கம் எதுவும் எழுத வேண்டியதில்லை. யாராவது "இன்னைக்கு மேல் பீலியில தண்ணி வருதா" என்று கேட்டிருப்பார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போயிருந்தால், வருகிறதா இல்லையா என்று சொல்லுங்கள்.